தோள்பட்டைக்கு ஒரு பசை

எங்கள் கோயிலில் இருந்த பாடுபட்ட சுரூபத்துக்கு, அதாவது சிலுவையில் அறைந்த ஆண்டவர் சிலைக்கு, கைகள் மடங்கும். வசதியான பங்குக் கோயில்களில் சிலுவையில் தொங்க ஒரு சுரூபமும், தூம்பாவில் படுக்க வேறொரு சுரூபமும் இருக்கும். வில்லியனூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு இரண்டு வாங்க வக்கில்லை. ஒரே ஆண்டவர்தான் இரண்டு வேலையையும் பார்த்தார். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் சிலுவையில் தொங்குவார். சாயங்காலம் ஆணியைப் பிடுங்கி, விரிந்திருந்த கைகளை உடம்போடு மடக்கிக் கீழே இறக்குவார்கள். அப்புறம் பூவால் ஜோடித்த தூம்பா என்கிற பாடையில் கிடத்தித் தெரு சுற்றி வருவார்கள். கை மடங்குவதற்காகத் தோள்பட்டை இரண்டிலும் ஆட்டுத்தோல் ஒட்டி, அதன்மேல் சதை நிற வண்ணம் பூசியிருந்தது. தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. கிட்டே போய்ப் பார்க்கிற துணிச்சல் யாருக்கும் கிடையாது.

வேறு ஊர்களில் நான் பார்த்திராத வழக்கம் ஒன்று எங்களுக்கு உண்டு. இறக்கிய சுரூபத்தை நேராகத் தூம்பாவில் வைக்கமாட்டார்கள். சிலுவையின் அடியில் பாய் விரித்து, போன பெரிய வெள்ளிக்குப் பிறகு பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியை அதில் உட்காரவைத்து, அவள் மடியில்தான் முதலில் கிடத்துவார்கள். மடி கொடுப்பது என்று அதற்குப் பெயர். அவள் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள், அழுவாள், முத்தமிட்டு முத்தி செய்வாள். ஊர் அவளோடு சேர்ந்து அழும். அந்த வருஷம் எந்த வீட்டிலும் பிள்ளை சாகவில்லையென்றால் பழைய தாய்களில் ஒருத்தி உட்காருவாள். எங்கள் ஊரில் அதற்கு ஆள் தேட வேண்டியிருந்ததே இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் அந்த முறை என் அம்மாவுக்கு வந்தது.

என் தம்பி திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் இருந்தான். அப்போதுதான் அந்தப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. கரும்பு வெட்டப் போகாமல், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போகிற வேலை என்று அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. அது சிலிக்கான் ரப்பர் செய்கிற இடம். அடுப்புச் சூட்டிலும் கருகாத வாஷர், ஆஸ்பத்திரிக் குழாய், இந்த மாதிரி. மாவு போல வருகிற ரப்பரை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவில் விட்டு அரைப்பார்கள். ரோல் மில் என்று அதற்குப் பெயர். உருளை இரண்டும் உள்நோக்கிச் சுற்றும். அதன் முன்னால் நிற்பதுதான் தம்பியின் வேலை. ஒருநாள் ரப்பரோடு சேர்த்து அவன் வலக்கையையும் அது இழுத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தினபோது தோள்வரை போயிருந்தது. கை தனியாக வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவன் உயிரும் போய்விட்டது.

அப்பா அம்மாவிடம், "கரண்டு அடிச்சிட்டுது" என்றார். அதுவரை அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தெரியாதவர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்குக் கண்ணை எடுக்காமல், குரல் நடுங்காமல் சொன்னார். அம்மாவுக்கு அப்போதே நெஞ்சுவலி இருந்தது. இதையும் சொன்னால் அவளும் போய்விடுவாள் என்று பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

தம்பி வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு வந்தான். முகம் மட்டும் தெரிந்தது. செத்தவர்களின் விரல்களில் செபமாலையைச் சுற்றிவைப்பது எங்கள் பழக்கம். அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு வந்து கையைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்த உடம்பு, துணியை விலக்கக் கூடாது என்று அப்பா சொல்லி, மாலையை வாங்கி அவன் நெஞ்சின்மேல் வைத்தார். அம்மா கொஞ்ச நேரம் அந்தத் துணியின்மேலேயே தடவிக்கொண்டிருந்தாள். எங்கே தடவுகிறாளோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெண்கள் இரண்டு பேர் வந்து அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். சும்மாவே ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுகிற எங்கள் ஊர், இந்த ஒரு விஷயத்தில் வாயைக் கட்டிக்கொண்டது. குழாயடியில் அம்மா போய் நின்றால் பேச்சு மாறிவிடும். அதற்காக அப்போது நன்றியோடு இருந்தேன். இப்போது அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

கம்பெனி தம்பிக்குப் பதிலாக எனக்கு வேலை கொடுத்தது. அச்சிலிருந்து வருகிற வாஷர்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற வேலை. வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டு நிலைமை விடவில்லை. நான் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து திரும்பினால் மில் தெரியும். புதிதாகக் கம்பித் தடுப்பு வைத்து அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். என் தம்பி இருந்தபோது இல்லாத மஞ்சள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். காதை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது? அந்தச் சத்தம் பஸ்ஸிலும் கூடவே வரும். சோற்றுப் பானை கொதிக்கும்போது வரும். பூசை நடுவில் எல்லோரும் முழந்தாளிட்டு அமைதியாகிற நேரத்தில் நன்றாகவே கேட்கும். பேய் பிடித்தவளை மாதாகோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். மெஷின் பிடித்தவளை எங்கே கூட்டிப்போவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியபோது உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயில் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். சுரூபத்தை இறக்கும்போது ஏணியில் ஏறி ஆணி பிடுங்குவது எங்கள் அப்பாவின் பொறுப்பு என்பதால் அவரிடம் பேச வந்திருந்தார். சுரூபம் வைத்திருக்கிற பெட்டியைத் திறந்து பார்த்தாராம், தோள்பட்டைத் தோல் இரண்டையும் எலி தின்றுவிட்டதாம். கைகள் இரண்டும் தனியாகக் கிடக்கின்றனவாம்.

அதைச் சொன்னதும் நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உபதேசியாருக்கு உடனே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தோலுக்கு விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பறேன். நீங்க கவலப்படாதீங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

"தோலு எதுக்கு?" என்றாள் அம்மா. "எலி மறுபடியும் திங்கும். ரப்பருல செய்ங்க. எம்புள்ள செஞ்ச ரப்பரு. ஆண்டவரு ஒடம்புல அது கொஞ்சம் இருக்கட்டுமே. இன்னா தப்பு?"

எழுந்த உபதேசியார் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். என்ன காரணம் சொல்லி மறுப்பது? உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது. வேறு காரணம் எதுவும் அம்மாவிடம் எடுபடாது. அவள் என் பக்கம் திரும்பி, "நீ தான கெடக்கிற அங்க. கேட்டு எடுத்துகினு வாயேன்டி" என்றாள். அவன் செத்த நாளிலிருந்து அவள் ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று கிணற்றடியில் அப்பா என்னிடம், "ஒட்டுமா அது?" என்றார்.

"பாப்போம்."

"பாப்போம்னு சொல்லாத. அவ மடியில வச்சிகினு இருக்கும்போது கையி கழண்டு வந்துதுன்னா?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. வாளியைக் கிணற்றில் விட்டார்.

அதுதான் விஷயம். ஊரே கூடி நிற்கிற இடத்தில், அம்மாவின் மடியில், ஒரு கை தனியாகக் கழன்று விழக் கூடாது. அந்தத் தபசு காலம் முழுவதும் மற்றவர்கள் கறியை விட்டார்கள், மீனை விட்டார்கள். நான் பசை தேடினேன்.

கம்பெனி போர்மேன் நான் கேட்டு எதையும் மறுத்ததில்லை. தம்பி கை போன அன்றைக்கு ஷிப்டில் இருந்தவர் அவர். என் முகத்தைப் பார்த்துப் பேசவேமாட்டார். என் பின்னாலிருக்கும் ஜன்னலோடுதான் பேசுவார். அந்தப் பலவீனம் தெரிந்துதான் கேட்டேன். கோயில் விஷயம் என்றதும் சாமி கும்பிடுகிற மாதிரி தலையாட்டினார். சிவப்புப் பொடியும் மஞ்சள் பொடியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெள்ளை ரப்பரை மில்லில் விட்டார். வெள்ளை, உருளையில் சுற்றிச் சுற்றி மனுஷத் தோலின் நிறத்துக்கு வந்ததை நான் நின்று பார்த்தேன். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் அதை மெல்லிய தகடாக அச்சில் வேகவைத்துச் சுருட்டிக் கொடுத்தபோது இன்னும் சூடு இருந்தது. பஸ்ஸில் வீடு வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடு சீக்கிரம் போகாத சரக்கு அது.

அம்மா வாங்கித் தடவிப் பார்த்தாள். "பச்சப்புள்ளத் தோலு மாதிரி கீதே" என்றாள். அவள் சந்தோஷப்பட்டாள். நான் கையைக் கழுவப் போனேன்.

போர்மேன் கொடுக்கும்போதே ஜன்னலைப் பார்த்துச் சொல்லியிருந்தார். "இது எதுலயும் ஒட்டாதும்மா. ஒட்டாதுன்றதுக்காகத்தான் இத்த வாங்கறானுங்க."

எல்லாவற்றுக்கும் ஒரு பசை இருக்கும் என்று நான் நினைத்தேன். முதலில் ஆணி அடித்தும் தைத்தும் பார்த்தோம். சிலிக்கான் இழுத்தால் நீளும், ஆனால் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அங்கிருந்து பிய்ந்துகொண்டு போய்விடும். பசைதான் வழி. கைகள் இரண்டையும் துணியில் சுற்றி அப்பா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். உடம்பு கோயில் பெட்டியில் இருந்தது. ஆண்டவர் கையில்லாமல் கிடப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது உபதேசியாரின் பயம். அதனால் கொஞ்ச காலம் எங்கள் வீட்டுக் கட்டிலின்மேல் ஆண்டவரின் இரண்டு கைகளும் உள்ளங்கை மேலே பார்க்க, ஆணித் துளையோடு படுத்திருந்தன. அதன் பக்கத்திலேயே நாங்கள் சாப்பிட்டோம்.

தச்சர் வீட்டில் வஜ்ரப் பசை வாங்கிக் காய்ச்சி ஊற்றினேன். மரத்தில் பிடித்தது. ரப்பர் மட்டும் காலையில் தானாகச் சுருண்டு கீழே கிடந்தது. வில்லியனூர் சைக்கிள் கடையில் பஞ்சர் சொல்யூஷன் வாங்கினேன். இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, சுத்தியலால் தட்டி ஒட்டினேன். நகத்தால் நெம்பினால் அப்பளம்போல உரிந்து வந்தது. செருப்பு தைக்கிறவரிடம் போனேன். அவர் டப்பாவைத் திறந்து தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா ரப்பரும்மா இது, எண்ண மேல தண்ணி ஊத்தன மாதிரி ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு டியூபைக் கலந்து ஒட்டுகிற பசை ஒன்று இரும்பையே ஒட்டும் என்றார்கள். கல் மாதிரி இறுகியது. இறுகின கல்லிலிருந்து ரப்பர் அலுங்காமல் எழுந்து வந்தது. அப்புறம் புதிதாக ஒரு சொட்டுப் பசை வந்திருந்தது. கடைக்காரன் பெரிய பீற்றல் பீற்றினான். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன, தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. ரப்பர் ஒட்டவில்லை. மைதா, அரக்கு, கருவேலம் பிசின் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்த ரப்பர் எதையும் வாங்கிக்கொள்ளாது, எதற்கும் இடம் கொடுக்காது. இப்படி ஒரு பொருளைச் செய்வதற்கு ஒரு பிள்ளையின் கை வேண்டியிருந்ததா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருநாள் அந்தத் தகட்டைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். அதுவும் எரியவில்லை. சாம்பலைத் தட்டி எடுத்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

கடைசியில் போர்மேன்தான் ஒரு டியூபைக் கொண்டுவந்து என் பலகைமேல் வைத்தார். ரப்பரை வேகவைக்கிற ஓவன் கதவில் இடுக்கு அடைக்க வைத்திருந்த பசை. "இதுவும் சிலிக்கான்தான்" என்றார் ஜன்னலிடம். "அத்தோட ஒட்டறதுக்கு அதேதான் வேணும்."

பிதுக்கினால் சுள்ளென்று புளித்த காடி வாசனை அடித்தது. கண்ணில் நீர் வந்தது. கோயிலுக்குப் போய் அப்பாவும் நானும் பெட்டியைத் திறந்து, தோளிலும் வலக்கையிலும் மரத்தைச் சுரண்டி, பசையைப் பூசி, ரப்பரை வைத்துக் கயிறு போட்டு இறுக்கினோம். உபதேசியார் மூக்கை உறிஞ்சினார். "சிலுவையில கெடந்தப்ப ஆண்டவருக்குக் காடிதானே குடுத்தாங்க. பாத்தியா, அடையாளம்!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்கு எல்லாமே அடையாளம்தான். பஸ் வராவிட்டாலும் அடையாளம்.

கயிற்றை அவிழ்த்தபோது கை நின்றது. மடக்கினோம், விரித்தோம், அப்பா தன் பாரத்தைப் போட்டுத் தொங்கியே பார்த்தார். அசையவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தம்பியை அடக்கம் செய்த அன்றுகூட நான் அதைப் பார்க்கவில்லை. "வலக்கையி நின்னுட்டுதில்ல" என்றார். "போதும். இது நின்னா போதும்."

இடது தோளில் ரப்பரை ஒட்டினதோடு டியூப் தீர்ந்துவிட்டது. கையைச் சேர்க்கப் பசையில்லை. அடுத்த டியூப் கம்பெனிக்கு வரும்வரை இடக்கை எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அந்த நாட்களில் நான் வேலையிலிருந்து திரும்பும்போது வீட்டில் நல்லெண்ணெய் வாசம் வரும். முதலில் அம்மா தலைக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டேன். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுரூபத்தின் கை அவள் மடியில் இருந்தது. எண்ணெயைக் கிண்ணத்தில் காய்ச்சி எடுத்துவந்து, தோள்முனையிலிருந்து விரல்வரை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தோறும் தம்பிக்கு அப்படித்தான் தேய்ப்பாள். வளர்ந்த பிறகும் அவன் வெட்கப்படாமல் காட்டிக்கொண்டிருப்பான்.

"காஞ்சிபோய்க் கெடக்குது, பாவம்" என்றாள் என்னைப் பார்த்து. பைத்தியம் பிடித்த முகமாக இல்லை. நன்றாகத் தெளிந்த முகம். பல மாதத்துக்குப் பிறகு அவளை அப்படிப் பார்த்தேன். "நீ சோறு போட்டுகினு துன்னு. நான் இத்த முடிச்சிட்டு வரேன்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டாம் என்று யார்தான் சொல்வார்கள்? அடுத்த டியூப் வந்ததும் அந்தக் கையைத் துணியால் நன்றாகத் துடைத்தேன். சோப்புத் தண்ணீரில் துடைத்து வெயிலிலும் வைத்தேன். மேலே காய்ந்துதான் இருந்தது. நாள் கணக்கில் குடித்த எண்ணெய் மரத்துக்குள்ளே இருந்ததை நான் யோசிக்கவில்லை. வலது நின்றுவிட்ட தெம்பு வேறு. குருத்தோலை ஞாயிறு முடிந்து பசையைத் தாராளமாகவே பூசிச் சேர்த்தோம். காடி வாசனையில் நல்லெண்ணெய் வாசம் அமுங்கிப்போயிற்று. அப்பா இழுத்துப் பார்த்தார், நின்றது. உபதேசியார் ஊதாத் துணியைச் சுற்றிப் பெட்டியை மூடினார்.

பெரிய வெள்ளிக்கிழமை காற்றே இல்லை. கோயில் முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட்டுச் சிலுவையை நட்டிருந்தார்கள். மணி அடிக்கக் கூடாது என்பதால் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அம்மா கருப்புக் கரைப் புடவை கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் நான் இருந்தேன். வேண்டிக்கொள்ள எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அப்பா ஏணியில் ஏறினார். அக்குளுக்கடியில் நீள வேட்டியைக் கொடுத்துக் கட்டி, கீழே நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். குறடால் வலக்கை ஆணியைப் பிடுங்கினார். கை மெதுவாக இறங்கி உடம்போடு சேர்ந்தது. ரப்பர் அழகாக மடங்கியது. தோல் மடிகிற மாதிரியே இருந்தது. இடக்கை ஆணியைப் பிடுங்கினார். அதுவும் இறங்கியது. நான் மூச்சு விட்டேன். கால் ஆணியும் போனது. உடம்பை வேட்டியில் தாழ விட்டு அம்மாவின் மடியில் கிடத்தினார்கள். பாட்டு ஆரம்பித்தது.

அம்மா அழவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டாள். முள்முடியைச் சரி பண்ணினாள். அப்புறம் இடக்கையை, பழகின கையை எடுக்கிற மாதிரி எடுத்து, முத்தி செய்யத் தன் முகத்துக்குத் தூக்கினாள். கை அவளோடு வந்துவிட்டது. இழுபடவில்லை, சத்தம் வரவில்லை. ரப்பர் தோளிலேயே நின்றது. எண்ணெய் பளபளக்கிற மரமுனை மட்டும் வெளியே வந்தது. அம்மாவின் கையில் ஒரு கை இருந்தது.

பாட்டு நின்றது. சுரூபம் உடைந்துவிட்டது என்றால் ஊர் கத்தியிருக்க வேண்டும், அபசகுனம் என்று மார்பில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் கத்தவில்லை. யாரும் ஆண்டவரைப் பார்க்கவும் இல்லை. எல்லாக் கண்ணும் அம்மாமேல் இருந்தது. வேட்டி பிடித்திருந்த நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குழாயடிப் பெண் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு அம்மாவை இழுத்துக்கொண்டு போனவர்களில் ஒருத்தி அவள். உபதேசியாரின் கையில் மரக்கட்டை அப்படியே நின்றது.

அம்மா நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கையைக் கீழே வைக்கவில்லை.

"இன்னா எல்லாரும் என்னியே பாக்கறீங்க?" என்றாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர் அவளுக்காக இத்தனை மாதம் காப்பாற்றி வைத்த அமைதியே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவள் முகத்தில் அது ஏறுவதை நான் பார்த்தேன். எழுந்து ஓடிப்போய் அவள் கண்ணைப் பொத்த வேண்டும் என்று இருந்தது. முழந்தாளிட்ட இடத்திலேயே இருந்தேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். அப்பா இன்னும் ஏணியில்தான் நின்றிருந்தார். கையில் குறடு இருந்தது.

"எந்தக் கையி?" என்றாள்.

அப்பா குறடை ஏணிப் படியில் வைத்தார். அப்புறம், "வலக்கையி" என்றார்.

அம்மா தலையசைத்தாள். பூசை வைக்கிற பங்குச் சாமியார் அவள் பக்கம் வர இரண்டடி வைத்தார், அவள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார். அவளுக்கு நெஞ்சுவலி வரவில்லை. நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. சுரூபத்தின் கையைத் தோளுக்கு நேராக வைத்து, பிரிந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடி அழுத்திக்கொண்டாள். அப்படிப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் கையயும் கூட வச்சித்தான் பொதச்சீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த துணியை அவர் பிரித்துப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எங்களுக்குத் தெரியாது.